ஷவருக்குப் போட்ட பூட்டு

கூட்டம் எப்படி நடந்தது என்று யாராவது கேட்டால் எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். இருபத்திரண்டு நிமிஷம் என்றால் அருமையாக நடந்தது என்று அர்த்தம். முப்பதைத் தாண்டிவிட்டால் யாரோ தேவையில்லாமல் வாயைத் திறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். யார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கூட்டத்தில் வாயைத் திறக்கக்கூடியவர் ஒரே ஒருத்தர்தான் இருந்தார்.

செம்பூரில், சோப்புக் கம்பெனிகளுக்குச் சரக்கு தயாரித்துக் கொடுக்கிற ஒரு தொழிற்சாலையில் நான் ஸ்டெனோவாக இருந்தேன். போபாலில் விஷவாயு கசிந்து அத்தனை பேர் செத்த பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். ஆபத்தான சரக்கைக் கையாளும் தொழிற்சாலைகளில் பாதுகாப்புக் கமிட்டி இருக்க வேண்டும், அதில் நிர்வாகத்துக்குச் சமமாகத் தொழிலாளர்களும் உட்கார வேண்டும் என்றது சட்டம். சட்டம் வந்தால் ஃபைல் வரும். ஃபைல் வந்தால் அதைத் தூக்க ஒரு ஸ்டெனோ வேண்டுமே! என்னைக் கமிட்டியின் செக்ரட்டரி என்று போட்டார்கள். சம்பளம் ஒரு பைசா ஏறவில்லை. கதவில் பெயர்ப்பலகையும் இல்லை, ஏனென்றால் எனக்குக் கதவே இல்லை.

மொத்தம் நாலு உறுப்பினர்கள். நிர்வாகத்தின் பக்கம் மேனேஜரும் சேஃப்டி ஆபீசரும். சேஃப்டி ஆபீசர் கப்பற்படையில் இருந்து ரிடையர் ஆனவர். சுவரொட்டிகளில் அவருக்கு அபாரப் பிரியம், ஆணியும் சுத்தியலும் எப்போதும் மேஜையில் இருக்கும். தொழிலாளர்கள் பக்கம் ஒரு மராட்டி ஃபிட்டரும், காஸ்டிக் செக்ஷனில் வேலை பார்த்த ஒரு தமிழரும். அந்தத் தமிழரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். திருநெல்வேலிக்குத் தெற்கே ஏதோ ஊர். சின்ன வயதில் வந்து தாராவியில் தங்கிவிட்டவர். நாற்பதைத் தாண்டியிருப்பார். ஒல்லி. முழங்கைக்குக் கீழே இரண்டு கையிலும் சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். எல்லாம் காஸ்டிக் பட்டு ஆறிய தடங்கள்.

மாதத்தின் கடைசி வியாழக்கிழமை மூன்றேகால் மணிக்குக் கூட்டம். ஏஸி போட்ட கான்ஃபரன்ஸ் ரூம். கேண்டீனிலிருந்து சமோசாவும் டீயும் வரும். பாயும் ஃபிட்டரும் கதவோரம் இருந்த இரண்டு நாற்காலிகளில் நுனியில் உட்காருவார்கள். வேலை உடுப்பின் அழுக்கு நாற்காலித் துணியில் ஒட்டிவிடும் என்று சாய மாட்டார்கள். சாயாதே என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை, சாய்ந்துகொள் என்றும் சொன்னதில்லை.

தீர்மானங்களை நான் புதன்கிழமையே டைப் அடித்து வைத்துவிடுவேன். ஆமாம், கூட்டத்துக்கு முதல் நாளே! போன மாதத்துத் தாளை எடுத்துத் தேதியை மாற்றினால் முக்கால்வாசி வேலை முடிந்தது. விவாதிக்கப்பட்டது, கவனத்தில் கொள்ளப்பட்டது, நடவடிக்கையில் உள்ளது. இந்த மூன்றையும் இங்கிலீஷில் எழுதத் தெரிந்தால் போதும், எந்தத் தொழிற்சாலையையும் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் பத்திரமாக வைத்திருக்கலாம், காகிதத்தில். வியாழக்கிழமை புதிதாக ஏதாவது கிளம்பினால் அதை மட்டும் ஒரு வரி சேர்ப்பேன். மறுநாள் வெள்ளிக்கிழமை நாலு பேரிடமும் கையெழுத்து வாங்கி ஃபைலில் போட்டுவிடுவேன். இதில் எனக்குப் பெருமை வேறு. வேலை சுத்தம் என்று மேனேஜர் சொல்லுவார்.

கையில் குறிப்பும் எடுப்பேன். அது பழக்க தோஷம். மாட்டுங்காவில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் ஷார்ட்ஹேண்ட் படித்த நாளிலிருந்து, என் காதில் விழுகிற எதையும் கை கோடாக இழுத்துவிடும். ஷார்ட்ஹேண்ட் சத்தத்தைத்தானே எழுதுகிறது, பாஷை எதுவானால் என்ன? இங்கிலீஷில் பேசினாலும் எழுதுவேன், இந்தியில் பேசினாலும் எழுதுவேன், பாய் தமிழில் பேசினாலும் எழுதுவேன். டைப் அடிக்கும்போது எது வேண்டுமோ அது மட்டும் தாளில் ஏறும். எது வேண்டும் என்று முடிவு செய்தது யார் என்று அப்போது நான் யோசித்ததே இல்லை.

இனி ஷவர் விஷயம்.

காஸ்டிக் சோடாக் கரைசல் சூடாகத் தொட்டியில் நிற்கும். தோலில் பட்டால் வெந்து வழுவழுவென்று ஆகிவிடும். கண்ணில் பட்டால் அந்த நிமிஷமே தண்ணீர் விட வேண்டும், கால் மணி நேரம் விடாமல் விட வேண்டும். இல்லாவிட்டால் கண் போய்விடும். அதற்காகத் தொட்டியிலிருந்து பத்தடியில் ஒரு ஷவர் வைத்திருந்தார்கள். சங்கிலியைப் பிடித்து இழுத்தால் தலைக்கு மேலே தண்ணீர் தடதடவென்று கொட்டும். ஆபத்துக்கு மட்டும் என்று சேஃப்டி ஆபீசர் பக்கத்திலேயே சுவரொட்டி ஆணியடித்திருந்தார்.

காஸ்டிக் செக்ஷன்காரர்கள் அதில் தினமும் குளித்தார்கள்.

மூன்று மணிக்கு முதல் ஷிப்ட் முடிந்ததும் நாலைந்து பேர் துண்டைக் கட்டிக்கொண்டு, சோப்பு தேய்த்து, ஒருத்தர் சங்கிலியை இழுக்க ஒருத்தர் நின்று, சாவகாசமாகக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் தாராவி. அங்கே அவர்கள் சந்தில் விடிகாலையில் இரண்டு மணி நேரம் தண்ணீர் வரும். அதற்கு வரிசை, வரிசைக்குள் சண்டை. சாயங்காலம் போய்க் குளிக்க ஒரு சொம்பு மிஞ்சாது. உடம்பில் காஸ்டிக் அரிப்போடு வீட்டுக்குப் போய், அந்தக் கையால் பிள்ளையைத் தூக்க முடியுமா? நான் மாட்டுங்காக்காரி. எங்கள் பில்டிங்கில் மொட்டை மாடியில் டாங்க் உண்டு. ஒரு வாளித் தண்ணீருக்காக நான் எங்கேயும் நின்றது கிடையாது. அதனால் அவர்கள் குளிப்பது எனக்கும் ஏதோ ஒழுங்கீனமாகத்தான் பட்டது.

ஒரு நாள் வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்க வந்திருந்த இரண்டு பேரை மேனேஜர் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தார். மூலை திரும்பினால், ஆபத்துக்கு மட்டும் என்ற சுவரொட்டிக்குக் கீழே, நம் ஆட்கள் தலை நிறைய நுரையோடு நிற்கிறார்கள். வந்தவர்களில் ஒருத்தர் சிரித்துவிட்டாராம். மேனேஜருக்கு மானம் போயிற்று.

அந்த மாதக் கூட்டத்தில் முதல் விஷயமே அதுதான். தண்ணீர்க் குழாயின் வால்வில் பூட்டுப் போட வேண்டும், சாவி ஷிப்ட் சூப்பர்வைசரிடம் இருக்கும், அவசரம் என்றால் அவர் திறப்பார். மேனேஜர் சொல்லி முடித்து, "எல்லாரும் ஒப்புக்கொள்கிறீர்கள்தானே?" என்று இங்கிலீஷில் கேட்டார். சேஃப்டி ஆபீசர் தலையை ஆட்டினார். ஃபிட்டர் டீயைக் குடித்தார். பாய் மட்டும் நாற்காலி நுனியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். இந்தியில் ஆரம்பித்தார். கோபம் வந்தால் அவருக்கு இந்தி காலை வாரிவிடும். என் பக்கம் திரும்பித் தமிழுக்கு வந்தார்.

"யம்மா, இத சாபுகிட்ட சொல்லுங்க. நாங்க குளிக்கதுக்கு மட்டும் கேக்கல. தெனமும் நாலு பேரு அந்தச் சங்கிலிய இழுக்கோம். அதுனாலதான் அது துருப்பிடிக்காம கெடக்கு. தண்ணி வருதா வரலையான்னு எங்களுக்குத் தெனமும் தெரியுது. பூட்டிப் போட்டா எவனுக்குத் தெரியும்? கண்ணுல காஸ்டிக் விழுந்துட்டா, சாவி வர்ற வரைக்கும் கண்ணு காத்துக்கிட்டு இருக்குமா? சூப்பர்வைசர் சாப்பிடப் போயிருந்தா நாங்க என்ன செய்யது? குளிக்காதன்னா சொல்லுங்க, குளிக்கல. வீட்டுல போயி சொறிஞ்சிக்கிடுதோம். ஆனா பூட்டாதீங்க."

இதை நான் அப்படியே எழுதிக்கொண்டேன். ஒரு சொல் விடவில்லை. கை அது பாட்டுக்கு எழுதிற்று.

"என்ன சொல்கிறார்?" என்றார் மேனேஜர், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு.

நானும் கடிகாரத்தைப் பார்த்தேன். அன்றைக்குச் சாயங்காலம் மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு கடையில் புடவை தள்ளுபடி விற்பனை. தோழி ஒருத்தி ஸ்டேஷனில் காத்திருப்பாள். சீக்கிரம் கிளம்பினால் குர்லாவில் வண்டி மாறி நேரத்துக்குப் போய்விடலாம். பாய் சொன்னதை முழுக்க இங்கிலீஷில் சொன்னால் மேனேஜர் பதில் பேசுவார், அதை நான் தமிழில் சொல்ல வேண்டும், அதற்கு பாய் பேசுவார். எப்போது முடியும்?

"அவர்கள் வீட்டில் தண்ணீர்க் கஷ்டமாம் சார்" என்றேன்.

மேனேஜர் சிரித்தார். சேஃப்டி ஆபீசரும் சிரித்தார். "இது தொழிற்சாலை, குளியல் அறை இல்லை என்று சொல்" என்றார் மேனேஜர். நான் சொன்னேன். பாய் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். தான் அத்தனை சொன்னதற்கு இவ்வளவு சின்னப் பதிலா என்று அவருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். பிறகு உட்கார்ந்தார். கூட்டம் இருபத்தாறு நிமிஷத்தில் முடிந்தது.

புடவை வாங்கினேன். பச்சையில் மாம்பழ பார்டர். அதை நான் நாலு தடவைக்கு மேல் கட்டவில்லை.

மறுநாள் கையெழுத்துக்காக காஸ்டிக் செக்ஷன் வாசலுக்குப் போனேன். தாளில் இருந்தது இவ்வளவுதான்: ஷவர் தவறாகப் பயன்படுத்தப்படுவது விவாதிக்கப்பட்டது; வால்வைப் பூட்டி, சாவியை ஷிப்ட் சூப்பர்வைசரிடம் வைப்பது என்று எல்லா உறுப்பினர்களும் ஒருமனதாகத் தீர்மானித்தனர். பாய்க்குத் தமிழ் நிதானமாகப் படிக்க வரும், குர்ஆன் ஓத வரும், இங்கிலீஷ் வராது. தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

"நான் சொன்னது இதுல இருக்காம்மா?"

அங்கே வெக்கை. காஸ்டிக் நெடி மூக்கை எரித்தது. எனக்கு மேலே போய் இன்னும் இரண்டு லெட்டர் அடிக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும்விட, இவர் என்ன என்னைக் கேள்வி கேட்கிறார் என்று ஒரு எரிச்சல். அந்த எரிச்சலை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

"எல்லாம் இருக்கு, போடுங்கோ" என்றேன்.

போட்டார். தமிழில்தான் போடுவார். ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, அவசரமில்லாமல்.

பூட்டு வந்தது. பித்தளைப் பூட்டு, புத்தம் புதுசு. சாவி சூப்பர்வைசரின் பேண்ட் பாக்கெட்டுக்குப் போயிற்று. அடுத்த கூட்டத்தில் பாய் சாவியைப் பற்றிக் கேட்டார். அதற்கடுத்த கூட்டத்திலும் கேட்டார். பூட்டுத் தொங்குகிற இடத்திலேயே ஒரு ஆணியில் சாவியையும் தொங்கவிடக் கூடாதா என்றார். ஆணிக்குத்தானா பஞ்சம், சேஃப்டி ஆபீசர் மேஜை நிறைய ஆணி! சாவியைத் தொங்கவிட்டால் அப்புறம் பூட்டு எதற்கு என்றார் மேனேஜர். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. தீர்மானத் தாளில் ஷவர் விஷயத்துக்கு எதிரே நிறைவேற்றப்பட்டது என்று அடித்தேன். என் மேஜையிலிருந்து கிளம்பிய தாள்களில் உண்மையிலேயே நிறைவேறிய ஒரே விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஷவருக்குப் பக்கத்தில் ஒரு அட்டை தொங்கும். வாராவாரம் சங்கிலியை இழுத்துத் தண்ணீர் வருகிறதா என்று பார்த்து அதில் ஒரு டிக் போட வேண்டும். சேஃப்டி ஆபீசர் வேலை அது. குளித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் அந்த வழியாகப் போகும்போதே டிக் போட்டுவிட்டுப் போவார். தண்ணீர் கொட்டுவதுதான் கண்ணால் தெரிகிறதே. பூட்டிய பிறகும் அவர் கை டிக் போட்டுக்கொண்டுதான் இருந்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. என் கையும் அப்படித்தானே?

ஐந்தாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம். காஸ்டிக் பம்ப்பின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் விட்டுப்போய்க் கரைசல் பீய்ச்சி அடித்தது. எதிரே நின்றவர் பாய். ஆவியில் மங்கிப்போன பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்த நேரம். முகத்தின் இடது பக்கம் முழுக்கப் பட்டுவிட்டது.

பிடித்து ஷவருக்கடியில் கொண்டுவந்தார்கள். பூட்டு. சூப்பர்வைசர் கேண்டீனில். ஒருத்தன் அங்கே ஓடினான். ஃபிட்டர் தன் பெரிய ஸ்பானரைக் கொண்டுவந்து நாலு அடியில் பூட்டை உடைத்தார். சாவி வருவதற்கு முன்பே பூட்டு விழுந்துவிட்டது. வால்வைத் திருகிச் சங்கிலியை இழுத்தார்கள். சங்கிலி அசையவே இல்லை. ஐந்து மாதம் காஸ்டிக் ஆவி குடித்துத் துருவேறி இறுகிக் கிடந்தது. இரண்டு பேர் தொங்கியதில் செம்மண் நிறத்தில் கொஞ்சம் ஒழுகிற்று, பிறகு சங்கிலி அறுந்து கையோடு வந்துவிட்டது. அட்டையில் அந்த வாரத்து டிக் இருந்தது. கடைசியில் அவரைத் தூக்கிக்கொண்டு கேண்டீன் குழாய்க்கு ஓடினார்கள்.

நான் மேலே டைப் அடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. இறங்கி வரவில்லை. அரைமணி கழித்து விபத்து ரிப்போர்ட் அடிக்கச் சொன்னார்கள், மூன்று காப்பி.

பாயை சயான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வலது கண் தப்பிவிட்டது. இடது கண் போய்விட்டது. இதை நான் ஒரு வரியில் எழுதுவதற்குக் காரணம், அன்றைக்கும் அதை ஒரு வரியில்தான் டைப் அடித்தேன்.

நாலைந்து நாளில் தொழிற்சாலை முழுக்க ஒரு பேச்சு பரவிற்று. மேனேஜர் தீர்மான ஃபைலை எடுத்துக் காட்டிவிட்டாராம். ஷவரைப் பூட்டியது கம்பெனி மட்டும் எடுத்த முடிவு இல்லை, கமிட்டி ஒருமனதாக எடுத்த முடிவு, தொழிலாளர் பிரதிநிதியே கையெழுத்துப் போட்டிருக்கிறார், அதுவும் அவருக்குத் தெரிந்த பாஷையிலேயே போட்டிருக்கிறார். காஸ்டிக் செக்ஷன்காரர்கள் இதைக் கேட்டுவிட்டுக் கொதித்தார்கள். மேனேஜர் மேல் இல்லை, பாய் மேல். குளிக்கிற தண்ணீரைப் பூட்ட இவரே ஒப்புக்கொண்டு வந்துவிட்டு எங்களிடம் வேறு கதை சொன்னாரா என்று.

வீட்டுக்குப் போகிற வழிதானே என்று ஒரு சாயங்காலம் சயானில் இறங்கினேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டேன். அதைத் தவிர வேறு என்ன கொண்டுபோவது என்று தெரியவில்லை. வார்டில் அவருடைய மனைவி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று சொன்னதும் எழுந்து ஸ்டூலை எனக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு உட்காரக் கூசிற்று. உட்கார்ந்தேன்.

"செக்சன்காரவ ஒருத்தரும் பாக்க வரலம்மா" என்றார் அந்த அம்மாள். "சந்துல பேசுதாவ. இவியளே கையெழுத்தும் போட்டுட்டு, இவியளே கண்ணையும் குடுத்துட்டாவன்னு. எம் பிள்ள காதுபடவே சொல்லுதாவ."

பாய் முகத்தில் பாதிக்கு மேல் கட்டு. குரலை வைத்து என்னைத் தெரிந்துகொண்டார்.

"கண்ணு போனது போட்டும்மா. அது அல்லா எழுதுனது. நான் சொன்னது அந்தத் தாள்ல இல்லவே இல்லங்காங்களே? நீங்க இருக்குன்னுல்லா சொன்னீய?"

ஆரஞ்சைக் கட்டிலடியில் வைத்தேன். இன்னும் ஏதோ கேட்டார். டாக்டர் வருகிறார் என்று யாரோ சொன்னது பெரிய உபகாரமாக இருந்தது. எழுந்து வந்துவிட்டேன். சயான் பிளாட்பாரத்தில் மூன்று வண்டிகளை விட்டேன், ஏறத் தோன்றவில்லை. கூட்டத்தில் நின்றுகொண்டு அழுவது பம்பாயில் சுலபம். யாரும் என்ன என்று கேட்க மாட்டார்கள்.

மறுநாள் ஆபீஸ் பீரோவின் அடித்தட்டைக் கிளறினேன். நிரம்பிய ஷார்ட்ஹேண்ட் நோட்டுகளை வருஷக் கடைசியில் மொத்தமாகக் கிழித்துப் போடுவது வழக்கம். அந்த வருஷம் சோம்பலில் விட்டிருந்தேன். நோட்டு இருந்தது. அந்த வியாழக்கிழமையும் இருந்தது. யம்மா, இத சாபுகிட்ட சொல்லுங்க என்பதிலிருந்து ஆனா பூட்டாதீங்க வரைக்கும், ஒன்றரைப் பக்கம்.

விசாரணைக்காக அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்தபோது கமிட்டியையும் கூட்டினார்கள். பாய் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடியோடு, வழக்கம்போலக் கதவோரம், நாற்காலி நுனியில். காஸ்டிக் செக்ஷன்காரர்கள் நாலு பேர் சாட்சி சொல்லச் சுவரோரம் நின்றார்கள். அவரைப் பார்க்காமல் நின்றார்கள். மேனேஜர் தீர்மானத்தைப் படித்தார். ஒருமனதாக என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் படித்தார். யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

அந்த ரூமில் அதுவரை யாரும் என்னைப் பேசச் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை. என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி கேட்டது.

"தீர்மானம் முழுசா இல்லை சார்."

நோட்டைப் பிரித்தேன். முதலில் தமிழில் படித்தேன், அவர் பேசினபடியே, அவர் சொல்லிலேயே. மாட்டுங்கா வாயில் திருநெல்வேலித் தமிழ் எப்படி வரும்? வந்தவரைக்கும் வந்தது. சுவரோரம் நின்றவர்களில் ஒருத்தர் சட்டென்று பாய் பக்கம் திரும்பினார். பிறகு ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் சொன்னேன். எல்லாம் சேர்ந்து நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தாலும் அந்த நாலு நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "இது தீர்மானம் இல்லை, இவளுடைய கிறுக்கல்" என்றார்.

இன்ஸ்பெக்டர் நோட்டை வாங்கிப் பார்த்தார். அவருக்கு அந்தக் கோடுகள் புரிந்திருக்காது. "இவ்வளவு எழுதிவிட்டு ஒரு வரிதான் டைப் அடித்திருக்கிறீர்கள். குறைத்து எழுதச் சொன்னது யார்?" என்று கேட்டார். மேனேஜரைக் காட்டிவிடுவேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. எனக்கும் அந்த ஆசை ஒரு நிமிஷம் வந்தது.

"யாரும் சொல்லலை சார். நானேதான்" என்றேன்.

பாய் என் பக்கம் திரும்பினார். நன்றி சொல்லப்போகிறார் என்று நான் நினைத்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

"அப்ப நான் சொன்னது உங்களுக்கு நல்லா வெளங்கித்தான் இருக்கு" என்றார்.

அவ்வளவுதான். கோபம் இல்லை. தெரியாமல் இருந்த ஒன்று தெரிந்துவிட்டது என்கிற மாதிரி சொன்னார்.

பூட்டு போயிற்று. புதுச் சங்கிலி, புதுக் குழாய். மூன்று மணிக்குக் குளிக்கலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். பரிசோதனைக்காக என்று அதற்கு ஒரு கௌரவமான பெயர். கம்பெனிக்கு என்ன தண்டனை என்பது என் ஃபைலுக்கு வரவில்லை. எனக்கு ஒரு மெமோ வந்தது. அதை டைப் அடித்ததும் நான்தான், அதற்குப் பதில் டைப் அடித்ததும் நான்தான். செக்ரட்டரி வேலையிலிருந்து மட்டும் எடுக்கவில்லை. வேறு யாரும் அதற்கு வரத் தயாராக இல்லை.

கூட்டத்துக்கு முதல் நாள் டைப் அடிப்பதை நிறுத்தினேன். யார் என்ன சொன்னார்கள், யார் மறுத்தார்கள், எதை யார் எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று போட ஆரம்பித்தேன். கூட்டம் ஒரு மணி நேரம் ஆயிற்று. சமோசா ஆறிப்போயிற்று. மேனேஜர் கடிகாரத்தைக் கழற்றி மேஜை மேல் வைத்துக்கொண்டார்.

பாயை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். கமிட்டியில் அவரேதான் தொடர்ந்தார். செக்ஷன்காரர்கள் அவர்தான் வேண்டும் என்றார்கள். மூன்று மணிக்கு அவர்களோடு போய் ஷவரில் நிற்பார். ஆனால் ஒரு வழக்கத்தை மாற்றிக்கொண்டார். கையெழுத்துக்குப் போனால் தாளை வாங்க மாட்டார். பேனாவை மட்டும் வாங்கிக்கொண்டு, "படிங்க" என்பார். நான் முதலிலிருந்து கடைசி வரைக்கும் தமிழில் படிப்பேன். கேட்டு முடித்துவிட்டுப் போடுவார்.

இரண்டு வருஷம் அப்படியே நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை நல்ல மழை. தண்டவாளத்தில் தண்ணீர் ஏறுகிறது, வண்டி நின்றுவிடும் என்று ஆபீஸே பரபரத்தது. நான் குடையை இடுக்கிக்கொண்டு பேக்கிங்குக்கு ஓடினேன். மூன்று பக்கத் தீர்மானம். பேனாவை அவர் கையில் கொடுத்து, எங்கே போட வேண்டும் என்று விரலால் காட்டி, என்னை அறியாமலே சொல்லிவிட்டேன்.

"எல்லாம் இருக்கு, போடுங்கோ."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. பேனாவின் மூடியைத் தேடி எடுத்து, திருகி மூடி, பெட்டி மேல் வைத்தார். ஒரு சாக்குக்கட்டை என் பக்கம் தள்ளினார், உட்காருவதற்கு. இருந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

உட்கார்ந்தேன். முதல் வரியிலிருந்து படித்தேன்.